அம்மை ஒரு தடவை, சளி பல தடவை: வைரஸ் நோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட செவிலியர் நான். 26 வருடம் அந்த வேலை பார்த்தேன். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையோடு அங்கேயே உட்காரச் சொல்வோம். தாய்மார்களும் கூட வந்த பாட்டிமார்களும் கேள்வி கேட்பது அந்த அரை மணி நேரத்தில்தான். வரிசை நீளமாக இருக்கும் நாளில் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். விட்டுப்போன மீதியை இங்கே எழுதுகிறேன். உடம்பு சரியில்லாதவரை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

வைரஸும் பாக்டீரியாவும் ஒன்றுதானே? கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

ஒன்று இல்லை. பாக்டீரியா ஒரு முழு உயிர். தானே தின்னும், தானே பெருகும். வைரஸிடம் இருப்பது ஒரு புரத உறையும், உள்ளே தன்னைப்போல இன்னொன்றைச் செய்வதற்கான குறிப்பும்தான். சமையல் குறிப்பு கையில் இருக்கிறது, அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் புகுந்தால்தான் அதனால் சமைக்க முடியும். அந்த அடுப்படிதான் நம் உடம்பின் செல்.

உருவமும் அவ்வளவு சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். போலியோ வைரஸின் அளவு சுமார் 30 நானோமீட்டர், ஃப்ளூ வைரஸ் சுமார் 100. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 1,000 நானோமீட்டர் அளவில் இருக்கும்.

ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவின் சுவரை உடைக்கும், அல்லது அதற்குள் நடக்கிற வேலையை நிறுத்தும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தமாக நடக்கிற வேலையும் இல்லை. அதனால் சளிக்கும் அம்மைக்கும் டெங்குவுக்கும் அது உதவாது. வைரஸ் வந்து உடம்பு தளர்ந்திருக்கும்போது காதிலோ நுரையீரலிலோ பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் டாக்டர் எழுதித் தருவார். அது வேறு விஷயம். நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இது எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது?

ஒவ்வொரு வைரஸுக்கும் அதற்கென்று ஒரு வாசல் உண்டு. நம் செல்களின் மேற்பரப்பில் பலவிதப் பூட்டுகள் இருக்கின்றன. வைரஸின் உடலில் இருக்கும் சாவி எந்தப் பூட்டுக்குப் பொருந்துகிறதோ அந்தச் செல்லுக்குள்தான் அது நுழையும். ஃப்ளூ வைரஸின் சாவி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் செல்களில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளுக்குப் பொருந்தும். அதனால் இருமல் துளி முகத்தில் பட்டால் ஆபத்து. கையில் பட்டால் ஒன்றும் ஆகாது, அந்தக் கையை மூக்குக்கோ கண்ணுக்கோ கொண்டு போகாத வரைக்கும். கை கழுவச் சொல்லி நச்சரிப்பது இதற்காகத்தான்.

போலியோவும், மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகையும், மலம் கலந்த தண்ணீர் வழியாக வாய்க்குப் போகும். டெங்கு, பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசுவின் எச்சிலோடு ரத்தத்தில் இறங்கும். வெறிநோய் கடிவாயில் நுழைந்து நரம்பைப் பிடிக்கும். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் நம்புகிறார்கள். பார்வையால் வருவதில்லை. அவர் கண்ணைத் தொட்ட கை, துடைத்த துண்டு, படுத்த தலையணை, இவற்றால்தான் வருகிறது.

இவற்றில் எல்லாம் மோசமான பரவல் தட்டம்மைக்கு. மணல்வாரி என்றும் சொல்வார்கள். அந்த நோய் உள்ள குழந்தை ஒரு அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனால், போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் தங்கும். எதிர்ப்பு இல்லாதவர்கள் மட்டுமே இருக்கும் ஊரில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை வந்து பத்து நாள் ஆகிவிட்டது. என் பிள்ளைக்கு இனி வராதுதானே?

பொறுங்கள். சின்னம்மை தொற்றிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். தட்டம்மைக்கு இரண்டு வாரம், பொன்னுக்கு வீங்கிக்கு இரண்டரை வாரம் வாக்கில். ஃப்ளூவுக்கு 1 முதல் 4 நாள் போதும்.

காரணம், வைரஸ் போகிற பாதையின் நீளம். ஃப்ளூ நுழைந்த இடத்திலேயே, மூச்சுக்குழாயிலேயே, கடை விரித்துவிடும். தட்டம்மை வைரஸ் மூச்சோடு நுழைந்து, அங்கே காவல் நிற்கிற வெள்ளையணுக்களுக்குள் ஏறி, அவற்றிலேயே சவாரி செய்து நெறிகளுக்குப் போகும். அங்கே பெருகி, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் பரவி, கடைசியில் மறுபடியும் மூச்சுக்குழாய்க்கு வந்து இருமல் வழியாக வெளியேறும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அந்தக் குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. சின்னம்மையிலும் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவும். அதனால்தான் அம்மை போட்ட பிள்ளையை உடனே வீட்டில் நிறுத்தியும் வகுப்பில் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவைத் திட்டாதீர்கள், அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

காய்ச்சல் கொடுப்பது வைரஸா, உடம்பா?

உடம்புதான். வைரஸ் புகுந்த செல் சும்மா இருக்காது. சாகும் முன் பக்கத்துச் செல்களுக்கு ஆபத்து என்று தகவல் சொல்லும். அப்படிச் சொல்கிற பொருள்களில் ஒன்று இன்டர்ஃபெரான்; 1957-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். தகவல் கிடைத்த செல்கள் தங்கள் அடுப்படியைப் பூட்டிக்கொள்கின்றன. உடம்பு வலி, அசதி, சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் இந்தத் தற்காப்பின் பக்க விளைவுகள். மூளை உடல் சூட்டை ஏற்றுவதும் இதில் ஒரு பகுதி. ஆகவே லேசான காய்ச்சலைப் பார்த்துப் பதற வேண்டாம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

நோய் எதிர்ப்பு சக்தி என்கிறார்களே, அது உடம்பின் பலமா?

நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இது. "என் மகன் நல்லா புஷ்டியா இருக்கான் நர்ஸம்மா, அவனுக்கு எதுக்கு ஊசி?" என்பார்கள். சாப்பாடும் தூக்கமும் உடம்புக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தட்டம்மையைத் தடுப்பது தசைப் பலம் இல்லை, ஞாபகம்.

முதன்முறை ஒரு வைரஸ் வரும்போது அதை அடையாளம் தெரிந்தவர்கள் உடம்பில் மிகச் சிலர். நம் வெள்ளையணுக்களில் கோடிக்கணக்கான வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும் கண்டுகொள்ளும். வந்த வைரஸுக்குப் பொருந்துகிற அந்தச் சில அணுக்களைத் தேடிப் பிடித்து, பெருக்கி, பழக்க வேண்டும். இது நடப்பது நெறிகளில். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறோமே, உள்ளே அந்த வேலை மும்முரமாக ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அந்த நாட்களில்தான் நாம் நோயாளி. அப்புறம் இந்த அணுக்களில் பி செல்கள் என்ற வகை எதிர்ப்பொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடும். அது வைரஸின் சாவியில் ஒட்டிக்கொண்டு பூட்டைத் திறக்க விடாது. டி செல்கள் என்ற வகை ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்ட செல்களைக் கண்டுபிடித்து அழிக்கும். நோய் அடங்கியதும் பழகிய அணுக்களில் பெரும்பாலானவை செத்துவிட, ஒரு சில மட்டும் நினைவு செல்களாகத் தங்கும். அதே வைரஸ் மறுபடி வந்தால் இவை இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடும். பல சமயம் வந்ததே நமக்குத் தெரியாது.

இந்த ஞாபகம் எத்தனை நாள் நிற்கும்? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகள். 1846-ல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சரோடு தட்டம்மை அங்கே இறங்கியது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சில மாதங்களில் 6,000 பேருக்கு மேல் விழுந்துவிட்டார்கள். டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற 25 வயது டாக்டரை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் படகில் போய் விசாரித்தார். வயதானவர்களில் பலருக்கு நோய் வரவே இல்லை. கேட்டால், 1781-ல் அங்கே ஒருமுறை தட்டம்மை வந்திருந்தது, அப்போது சிறுபிள்ளைகளாக இருந்து நோய்ப்பட்டவர்கள் அவர்கள். அன்று தப்பித்த கிழவர்களுக்கு இப்போது வந்தது. நடுவில் 65 வருடம் அந்தத் தீவுகளில் தட்டம்மையே கிடையாது. ஒருமுறை பார்த்த முகத்தை அந்த உடம்புகள் 65 வருடம் மறக்கவில்லை. அந்தக் கிழவர்களிடம் இருந்தது பலமா, சொல்லுங்கள்?

அப்படியானால் சளி மட்டும் ஏன் வருடத்துக்கு நாலு தடவை வருகிறது?

ஒரே சளி நாலு தடவை வரவில்லை, நாலு வெவ்வேறு சளி வந்திருக்கிறது. சளி கொடுக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றை ஞாபகம் வைத்திருப்பது மற்றொன்றுக்கு அவ்வளவாக உதவாது. இவை தவிர வேறு குடும்ப வைரஸ்களும் சளியைக் கொடுக்கும். பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் பிள்ளைக்கு ஓயாமல் மூக்கு ஒழுகுவது எதிர்ப்பு சக்தி குறைவால் என்று பயப்படாதீர்கள், அது ஒவ்வொரு முகமாக அறிமுகம் ஆகிக்கொண்டிருக்கிறது.

ஃப்ளூவின் தந்திரம் வேறு. அது தன் குறிப்பை நகல் எடுக்கும்போது பிழைகள் விடும். பிழைகள் சேரச் சேரச் சாவியின் வெளித்தோற்றம் மாறும். போன வருடம் பழகிய எதிர்ப்பொருளுக்கு இந்த வருடம் அடையாளம் மங்கும். அதனால் ஃப்ளூ தடுப்பூசியின் கலவையை வருடத்துக்கு இரண்டு முறை, வட பாதி உலகத்துக்கு ஒன்று, தென் பாதிக்கு ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் மறுபரிசீலனை செய்கிறது. தட்டம்மை வைரஸும் உள்ளுக்குள் மாறத்தான் செய்கிறது, ஆனால் அதன் சாவியை மாற்றினால் பூட்டு திறக்காது. அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம்.

சின்ன வயதில் அம்மை வந்தால் திரும்ப வராது என்றார்கள். மாமியாருக்கு 62 வயதில் அக்கி வந்திருக்கிறது. டாக்டர் அதே வைரஸ் என்கிறார். எப்படி?

டாக்டர் சொன்னது சரி. சின்னம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெளியே வரப் பார்க்கும்போதெல்லாம் டி செல்கள் அடக்கிவிடும். வயதாலோ, வேறு நோயாலோ, சில மருந்துகளாலோ அந்தக் காவல் தளரும்போது ஒரு நரம்பு வழியாக வெளியே வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக இருக்கிறது. ஆக, இது வெளியிலிருந்து வந்த புது நோய் இல்லை, ஐம்பது வருடம் உள்ளே தூங்கியது.

எங்கள் பக்கம் அக்கி எழுதுவார்கள். காவிக்கல்லை இழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசுவது. குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் நோயாளிக்கு ஆறுதல். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கொப்புளம் தெரிந்த 3 நாளுக்குள் டாக்டர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு, எழுதிக்கொண்டு அந்த 3 நாளைத் தவற விடுவதுதான் எனக்கு வருத்தம். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: அக்கியிலிருந்து கசியும் நீர், அம்மை வராத குழந்தைமேல் பட்டால் அதற்குச் சின்னம்மை வரலாம்.

அம்மை வந்த வீட்டில் வேப்பிலை, இளநீர், மூன்று தண்ணீர். இதெல்லாம் மூடநம்பிக்கையா?

அப்படி ஒரேயடியாக நான் சொல்ல மாட்டேன். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்று இருக்கும். தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை தனியாக வைப்பது ஏறக்குறைய அந்தக் காலக் கணக்குக்கே பொருந்தி வருகிறது. இளநீரும் நுங்கும் காய்ச்சலில் கிடக்கும் உடம்புக்கு நல்லது. நகத்தால் சொறிவதைவிட வேப்பங்கொழுந்தால் வருடுவது எவ்வளவோ மேல்.

நான் சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு. அம்மன் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் கோபித்துக்கொள்வாள் என்று மூச்சுத் திணறும் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை நுரையீரலைப் பிடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைக்கும் ஆபத்து அதிகம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்; ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்கு வேண்டாம், அது ஈரலையும் மூளையையும் தாக்கும் ஓர் அரிய நோயைக் கொண்டுவரலாம். சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு; 1974-ல் ஜப்பானில் மிச்சியாக்கி தகாஹாஷி உருவாக்கியது. நம் அரசு அட்டவணையில் அது இல்லை, தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம்.

தட்டம்மை வந்து போகட்டுமே. வந்தால்தான் எதிர்ப்பு உறுதி என்கிறார் தாத்தா.

தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தட்டம்மை வைரஸ் சவாரி செய்வது வெள்ளையணுக்களின் மேல் என்று சொன்னேன் அல்லவா? அது அழிக்கும் அணுக்களில் மற்ற நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் செல்களும் உண்டு. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. பிள்ளை இரண்டு மூன்று வருடம் சிரமப்பட்டுக் கற்றதை ஒரு நோய் அழித்துவிடுகிறது. தட்டம்மை வந்துபோன பிறகு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் மாறி மாறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த வைரஸ், அது இந்த அழிவைச் செய்வதில்லை. முகத்தைக் காட்டுகிறது, வீட்டைக் கொளுத்துவதில்லை.

2017-ல் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் எத்தனை பெற்றோர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள்! அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. வதந்தியைக் கிளப்பியவர்களை மட்டும் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

தட்டம்மை ஊசியைப் பிறந்தவுடனே போடாமல் 9 மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்?

தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்திருக்கும். சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் இன்னொரு வகை இறங்கும். இது அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய சோறு மாதிரி, சில மாதம் வரும், பிறகு தீர்ந்துவிடும். அது ரத்தத்தில் இருக்கும்போது ஊசி போட்டால், ஊசியில் உள்ள வைரஸை அம்மாவின் எதிர்ப்பொருளே பிடித்துவிடும்; குழந்தை கற்றுக்கொள்ளாது. 9 மாதத்தில் போட்டாலும் நூற்றுக்கு 85 குழந்தைகள்தான் சரியாகக் கற்கின்றன. மீதிப் பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அப்படியும் ஒன்றிரண்டு பேர் விட்டுப்போவார்கள். சுற்றி இருக்கிற 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு இருந்தால் நோய் அவர்களைத் தேடி வர வழி கிடைக்காது.

டெங்கு ஒருமுறை வந்துவிட்டால் பயமில்லையே?

இங்கேதான் ஞாபகம் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. டெங்குவில் 4 வகை உண்டு. முதல் வகைக்கு உருவான எதிர்ப்பொருள் இரண்டாவது வகையில் அரைகுறையாக ஒட்டும், செயலிழக்கச் செய்யாது. ஒட்டிய எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு வைரஸ் சில வெள்ளையணுக்களுக்குள் இன்னும் சுலபமாக நுழைந்துவிடும். அதனால் வேறு வகையால் வரும் இரண்டாவது டெங்குவில் ஆபத்து கூடுதல்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது.

நாய் கடித்த பிறகு ஊசி போட்டு என்ன பயன்? வைரஸ்தான் உள்ளே போய்விட்டதே?

வெறிநோய் வைரஸ் நரம்பு வழியாக மெல்ல நடந்து மூளைக்குப் போகும். பெரும்பாலும் 1 முதல் 3 மாதம். உடம்பு கற்றுக்கொள்ள அந்த அவகாசம் போதும், நாம் அன்றைக்கே தொடங்கினால். 1885 ஜூலை 6-ம் தேதி லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரிஸில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குச் செய்தது இதைத்தான். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

முதல் வேலை, கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். ஆழமான கடி, முகத்தில் கடி என்றால் காயத்தைச் சுற்றியே தயாராக உள்ள எதிர்ப்பொருளைச் செலுத்துவார்கள், நம் உடம்பு சொந்தமாகத் தயாரிக்கும் வரை தாங்குவதற்கு. டாக்டர் சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் முடிக்க வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

இம்யூனிட்டி பவுடர் வாங்கலாமா?

அந்தக் காசுக்கு முட்டை, கீரை, பருப்பு வாங்குங்கள். எந்தப் பவுடருக்கும் தட்டம்மையின் முகம் தெரியாது.

ஊருக்குப் போனதில் ஒரு தவணை தவறிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா? திட்டுவீர்களா?

திட்ட மாட்டேன். பெரும்பாலான ஊசிகளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. முன்பு போட்ட தவணையை நினைவு செல்கள் மறக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை-ரூபெல்லா விட்டுப்போன பிள்ளைக்கு 5 வயது வரை அரசிடமே இலவசமாகப் போடலாம். அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை, பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த புதன்கிழமை காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.